மிஸ்வாக், இலந்தை, மருதாணி: முன்னோர் தெரிவு செய்த முறை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களில் பற்பசையோ சோப்போ தலைமுடி எண்ணெயோ வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுபவை ‘இயற்கை’, ‘மூலிகை’ என்னும் சொற்களே. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் அத்தரும் சுர்மாவும் மிஸ்வாக்கும் விற்பனைக்கு இருக்கும். இவற்றில் எதை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது இன்று பல குடும்பங்களின் கேள்வி. இதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான விடை இருக்கிறது. நம் முன்னோர் ஒரு பொருளின் பெயரைக் கண்டு மயங்கவில்லை. அது அழுக்கை நீக்குமா, மார்க்கத்தின் பார்வையில் தூய்மையானதா, உடலுக்குத் தீங்கற்றதா என்ற மூன்றையும் பார்த்தே தெரிவு செய்தனர்.

பல்லிலிருந்து தொடங்குவோம். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அண்ணலார் இவ்வுலகைப் பிரியும் வேளையில், அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கை நோக்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வாங்கி மென்று இளக்கிக் கொடுக்க, அதனால் பல் துலக்கினார்கள். பல் துலக்கும் குச்சியைக் கழுவி வைக்கும் வழக்கம் அந்த இல்லத்தில் இருந்ததையும் ஹதீஸ்களில் காண்கிறோம்.

அரபியர் இதற்குப் பெரிதும் பயன்படுத்தியது ‘அராக்’ மரத்தின் வேரும் கிளையும். இது பாலைவன நாட்டுக்கே உரிய மரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது நம் மண்ணிலும் வளர்கிறது. தமிழில் இதன் பெயர் உகாய். உகா என்றும் வழங்குவர். சங்க நூலான குறுந்தொகையிலேயே இது வறண்ட பாலைவழியில் நிற்கும் மரமாக, புறாவின் முதுகைப் போன்ற மங்கிய நிற அடிமரத்துடன் வருகிறது. உப்பு மண்ணைத் தாங்கும் இயல்புடையதால் கோடியக்கரை போன்ற கடலோரக் காடுகளில் இன்றும் நிற்கிறது. அரபு வணிகர் வந்திறங்கிய சோழமண்டலக் கரைக்கு இந்த மரம் புதிதன்று.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் ஃபிக்ஹு அறிஞர்களின் நுட்பம் வெளிப்படுகிறது. அராக் சிறந்தது என்று கூறிய ஷாஃபிஈ அறிஞர்கள், பல்லின் மஞ்சளையும் அழுக்கையும் நீக்கும் சொரசொரப்பான எந்தத் தூய பொருளாலும் சுன்னத் நிறைவேறும் என்றனர். குச்சி கிடைக்காதபோது விரலே போதும் என்றனர் ஹனஃபி அறிஞர்கள். பூந்தமல்லியில் கோல்கொண்டா ஆட்சிக்காலமான 17ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிவாசல் எழுந்தது. அன்று இவ்வட்டாரத்தில் உளூச் செய்தவர்களுக்கு உகாய் எட்டாத தொலைவில் இருந்திருக்கலாம். ஆலும் வேலும் வேம்பும் அருகிலேயே இருந்தன. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்ற தமிழ் முதுமொழியும் சுன்னத்தும் இந்த மண்ணில் இயல்பாக ஒன்றிணைந்தன.

பல் தூரிகையின் வரலாற்றில் முஸ்லிம்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. சீனர்கள் பன்றியின் முரட்டு முடியைப் பதித்து இதனைச் செய்தனர். இங்கிலாந்தில் 1780 வாக்கில் வில்லியம் ஆடிஸ் இதைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கிய பின்னரும், விலங்கு முடியே நெடுங்காலம் பயன்பட்டது. 1938இல் நைலான் இழைத் தூரிகை வந்த பிறகுதான் நிலை மாறியது. ஆக, அன்று தூரிகையைத் தவிர்க்க ஒரு முஸ்லிமுக்குத் தக்க காரணம் இருந்தது. நைலான் வந்தபின் அக்காரணம் நீங்கியது. காலத்தோடு பொருள் மாறும்போது தீர்ப்பும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

கோல்கேட் நிறுவனம் இந்தியாவில் 1937இல் தொடங்கப்பட்டது. பின்னர் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என ஆலைகள் பெருகின. வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. குச்சி ஒடிக்க மரம் இல்லாத குடியிருப்புகளில் பற்பொடியும் பற்பசையும் இடம்பிடித்தது இயல்பே. அக்காலப் பற்பொடிகள் சிலவற்றில் புகையிலை கலந்திருந்தது. புகையிலையும் செடியில் விளைந்த ‘இயற்கை’தானே! அதன் தீங்கு கருதி, பற்பசையிலும் பற்பொடியிலும் அதைச் சேர்ப்பதை 1992இல் இந்திய அரசு தடை செய்தது. உச்ச நீதிமன்றமும் 1997இல் அத்தடையை நிலைநிறுத்தியது.

மிஸ்வாக்கின் பயனை இன்றைய ஆய்வுகளும் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980களில், வழக்கமுள்ள பகுதிகளில் இத்தகைய குச்சிகளைப் பயன்படுத்துவதை ஊக்குவித்தது. ஆயினும் சொத்தையைத் தடுக்க ஃபுளோரைடு கலந்த பற்பசையையே பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இரண்டுக்கும் பகை இல்லை. காலையும் இரவும் பற்பசை, தொழுகை வேளைகளில் மிஸ்வாக் என்று அமைத்துக்கொள்ளலாம். நைந்த முனையை வெட்டிவிட்டு, கழுவி உலர்த்தி வைப்பது அவசியம். ‘மிஸ்வாக்’ என்று பெயர் அச்சிட்ட பற்பசை, குச்சிக்கு ஈடாகிவிடாது.

இனி, முடியும் உடலும். இஸ்லாத்தை ஏற்க வந்த கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) அவர்களைத் தண்ணீராலும் ‘ஸித்ர்’ இலையாலும் குளிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும் ஸித்ரையும், இறுதியில் கற்பூரத்தையும் சேர்க்கக் கற்பித்தார்கள். நம் ஊர் இலந்தை ஸித்ரின் இனத்தைச் சேர்ந்தது. மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலை தேடுவது இதனால்தான். இவ்விலையிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தரும் சப்போனின் என்னும் பொருள் உள்ளது. அரபியருக்கு ஸித்ர் செய்த பணியைத் தமிழ் வீடுகளில் சீயக்காய் செய்தது.

‘ஷாம்பு’ என்ற சொல்லும் நம் நாட்டிலிருந்து சென்றதே. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முஹம்மத் (1759–1851), இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலுடன் உடல் பிடித்துவிடும் நிலையம் நடத்தி, அரசர் நான்காம் ஜார்ஜின் ‘ஷாம்பு’ மருத்துவராகவும் விளங்கினார். தலை கழுவும் பொருளைக் குறிப்பதாக அச்சொல் பின்னரே மாறியது.

தமிழ்நாட்டில் ஷாம்புவை எளியோர் வீடுவரை கொண்டுசேர்த்தது கடலூர். அங்கே சின்னிகிருஷ்ணன் சிறு உறைகளில் ஷாம்பு விற்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனித்தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைப் பரப்பினார். பின்னர் அதே நிறுவனம் ‘மீரா’ சீயக்காய்த் தூளையும் விற்றது. ஷாம்புவும் சீயக்காயும் ஒரே வணிகரிடம் கிடைக்கும்போது, இயற்கைக்கும் செயற்கைக்கும் போர் நடப்பதாக எண்ணுவது பேதைமை. கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் சாதாரண சோப்பு நுரைக்காமல் படிவாகிவிடும். அங்கே ஷாம்பு உதவியாக இருப்பதை ஏன் மறுக்க வேண்டும்?

மாறாக, நாம் கண்டிப்புடன் இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது மருதாணி. மக்கா வெற்றியின்போது நரைத்த தலையுடன் வந்த அபூகுஹாஃபா (ரலி) அவர்களின் நரையை மாற்றச் சொன்ன நபியவர்கள், கறுப்பைத் தவிர்க்கச் சொன்னார்கள். மருதாணி இலை தருவது செம்மையும் செம்பழுப்புமே. பெருநாள் இரவில் பிள்ளைகளின் கையில் சற்று நேரத்திலேயே கறுப்பாகப் பிடிக்கும் கூம்பில் பெரும்பாலும் பிபிடி என்னும் சாய வேதிப்பொருள் கலந்திருக்கும். அது கொப்புளத்தையும் நீங்காத ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். இரண்டாவது சுர்மா. ‘இஸ்மித்’ கல் என்று விற்கப்படுபவற்றுள் பல ஈயத்தாதுவே என்று ஆய்வுகள் கண்டுள்ளன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். என்ன கலந்திருக்கிறது என்று அறியாத சுர்மாவைப் பச்சிளங்குழந்தையின் கண்ணில் இடுவதைச் சுன்னத் என்று சொல்லக் கூடாது. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பதே மார்க்கத்தின் பொதுவிதி.

ஆகவே கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் தாய்மார்கள், முகப்பு அட்டையைவிடப் பின்புறத்துப் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத பொருளைத் திருப்பி வையுங்கள். வீட்டில் அரைத்த மருதாணியும், வெயிலில் உலர்த்தி அரைத்த சீயக்காயும், கழுவி வைத்த ஒரு குச்சியும் செலவு குறைந்தவை. என்ன சேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்தவை. அவை இயலாதபோது கடைப்பொருளை ஆராய்ந்து வாங்குவதில் குற்றமில்லை.

தூய்மையை நேசிக்கும் வல்ல அல்லாஹ், நம் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளைத் தீங்குகளிலிருந்து காத்தருள்வானாக. ஆமீன்.