நகரத்தார் பேரேட்டில் குடும்பப் பணம்

வணிக வரலாறு எழுதுவோர் அரசாங்க அறிக்கைகளையும் பெரிய வங்கிகளின் கணக்குகளையும் சான்றாகக் கொள்வது வழக்கம். ஒரு குடும்பம் தன் பணத்தை எங்கு வைத்தது, எவர் பெயரில் வைத்தது, எத்துணைக் காலத்திற்கு வைத்தது என்னும் வினாக்கள் அவற்றுள் பெரும்பாலும் எழுவதில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கு வழக்கில் அவ்வினாக்களுக்கு விடை உண்டு. அவ்விடை அவர்கள் கையாண்ட சொற்களிலேயே பொதிந்து கிடக்கின்றது. ஆதலின் இப்பொருள் பொருளியலார்க்கு மட்டுமன்றித் தமிழ் ஆராய்வார்க்கும் உரியதேயாம்.

கடையின் பேரேட்டில் பணம் என்பது ஒரே தொகையாக எழுதப்படுவதில்லை. வந்த வழி நோக்கிப் பிரித்தே எழுதப்படும். முதலாளி தாமே இட்டது முதல் பணம். உற்றார் உறவினர் தம் செலவு போக எஞ்சியதைக் கொணர்ந்து வைப்பது மேம்பணம். பெண்டிர்க்குரியது ஆச்சி பணம். கோயிலுக்கு உரியது கோயில் பணம். பெரிய கடை சிறிய கடைக்குத் தருவது அடத்திக் கடைப் பணம். உடைமை இன்னாருடையது என்பதைப் பெயரே காட்டிவிடுகின்றது. பிறர் பொருளைத் தம் பொருளொடு கலந்து மயங்காமல் காக்கும் ஒழுங்கு இஃது என்பதில் ஐயமில்லை. இவ்வொழுங்கு எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

முதலில் வீட்டை நோக்குவோம். வளவு ஒன்றாயினும் அடுப்பு ஒன்றன்று. மணமான மகனைச் சில காலம் கழித்து 'வேறு வைத்தல்' நகரத்தார் மரபு. அவன் அவ்வீட்டிலேயே தனக்குரிய அறையில் வாழ்வான்; உலை மட்டும் தனியே ஏறும். ஆண்டுக்கு இவ்வளவு என அளவிட்டுக் கொடுத்ததைக் கொண்டு அவனும் அவன் மனைவியும் இல்லறம் நடத்துதல் வேண்டும். பெருஞ்செல்வர் வீட்டிலும் இதுவே முறை. மணமான ஆடவன் ஒருவன் தன் மனைவியோடு ஒரு 'புள்ளி', கைம்பெண் அரைப்புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில் தண்டப்பட்டது. கூட்டுக் குடும்பம் என்றவுடன் வரவும் செலவும் ஒன்றாகக் கிடந்தன எனக் கொள்வார் கருத்து நகரத்தார்க்குப் பொருந்தாது. உடைமை கூட்டு, செலவு தனி. இளையோர்க்குச் சிக்கனம் அறிவுரையாகச் சொல்லப்படவில்லை; அடுப்பாகவே அமைத்துத் தரப்பட்டது.

இனி ஆச்சி பணம். திருமண நாளில் எழுதப்படும் இசைகுடிமானமும், வந்த பணத்தைப் பெயர்வாரியாகக் குறிக்கும் மொய்ப்பண ஏடும் இதற்குத் தோற்றுவாய் எனலாம். பெண்ணுக்கு வந்த சீதனம் பெட்டியில் உறங்குவதில்லை. கடையில் அவள் பெயரில் பற்றுவரவாக ஏறும். வட்டி முதலொடு சேர்ந்து வளரும். அவள் மகள் மணத்திற்கு அத்தொகை பயன்படும். அதற்குரிய வட்டியை முதலாளி தம் விருப்பப்படி வரையறுத்தல் இயலாது. இரங்கூன் நகரிலிருந்த கடைக்காரர் மாதந்தோறும் கூடி, பணத்தின் வரவும் தேவையும் நோக்கி ஒரு வட்டி வீதம் வகுத்தனர். அது 'நடப்பு வட்டி' எனப்பட்டது. குறித்த காலம் எடுப்பதில்லை என்று வைத்த பணத்திற்குச் சற்றே மிகுதியாகத் 'தவணை வட்டி' உண்டு. காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ வளவின் உள்ளறையில் இருந்த ஆச்சியின் வருவாய், கடல் கடந்த நகரின் மொகல் தெருவில் முடிவு செய்யப்பட்டது. முதலீட்டுச் சந்தை என்று நாம் இன்று வழங்குவது இதனின் வேறன்று.

அச்சந்தை பரந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நெல் ஏற்றுமதி பெருகியது. மேலாள் ஒருவர் மூன்றாண்டுத் தவணைக்குக் குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்று கடை நடத்துவார். அவர்க்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பர். (இவ்வழக்குச் சொற்களின் சுவையை அறிய விரும்புவார் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவலை நோக்குக.) 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தார் இட்டிருந்த பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரு பங்கு அளவு உழவர்க்குக் கொடுத்த கடன்.

பெருமந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. உழவர் கடனைத் திருப்ப இயலாதவராயினர். ஈடாக வைத்த நிலம் கடை வசம் ஆயிற்று. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. நகரத்தார் நிலம் வேண்டிச் சென்றவரல்லர்; அவர் வேண்டியது திரும்பி வரும் பணம். நிலத்தை இழந்த பர்மிய உழவர்க்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று என்பதையும் மறைத்தல் கூடாது. அவர்தம் மனக்கசப்பே பின்னர்ச் சட்டமாயிற்று.

ஈண்டுப் பேரேட்டிற்குத் திரும்புவோம். முதல் பணம், மேம்பணம், ஆச்சி பணம், கோயில் பணம் என ஏட்டில் பக்கம் வேறு, பெயர் வேறு, உரியவரும் வேறு. ஆயின் அப்பணம் சென்று தங்கிய இடம் ஒன்றே: ஐராவதி ஆற்றுப் படுகையின் நெல் வயல். கைம்பெண்ணின் சிறு தொகையும் முதலாளியின் பெருந்தொகையும் ஒரே வயலில் கிடந்தன. உடைமையைப் பகுத்த கணக்கு இடரைப் பகுக்கவில்லை.

நகரத்தார் இழப்பிற்கு 1942இல் நிகழ்ந்த சப்பானியர் படையெடுப்பும், 1948இல் இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டமும், 1963 முதல் நிகழ்ந்த நாட்டுடைமை நடவடிக்கைகளுமே காரணம் என்பர் சிலர். அஃது உண்மையே, எனினும் முழு உண்மை அன்று. போர் வருமுன்னரே, 1937இல், பணம் நிலமாக உறைந்து போயிற்று. கேட்டார்க்குக் கேட்ட பொழுது கொடுக்க இயலாத நிலை அப்பொழுதே தோன்றியது. சட்டம் பறித்தது முன்னரே அசையாது நின்றதொரு பொருளை.

அக்காலத்தில் வேறு வழி இல்லையோ எனின், இருந்தது. ஆயின் அதுவும் அச்சம் தருவதாகவே இருந்தது. சென்னையில் ஆர்பத்னாட்டு நிறுவனம் 1906 அக்டோபரில் வீழ்ந்து, அதில் பணம் வைத்திருந்த குடும்பங்கள் பலவற்றை நலியச் செய்தது. அறியாதார் வங்கியினும் அறிந்தார் கடையே மேல் என எண்ணியோரைக் குறை கூறல் அரிது. அவ்வீழ்ச்சியின் பயனாக 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. நகரத்தாருள்ளும் மாற்றத்தை உணர்ந்தார் இருந்தனர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். நிலம் நூற்றுக்கு 25 பங்காகப் பெருகிய அதே ஆண்டு அது. பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்ட ஆண்டும் அதுவே.

நகரத்தார் செல்வம் பற்றிப் பேசுவோர் வளவுகளின் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் எண்ணிக் காட்டுவர். மொய்ப்பண ஏடுகளையும் ஐந்தொகைக் குறிப்புகளையும் பேணி வைத்திருக்கும் குடும்பங்களில், ஆச்சி பணம் எழுதிய பக்கங்களைத் தனியே தொகுத்து, எந்த ஆண்டு வட்டி ஏறியது, எந்த ஆண்டில் ஏறாது நின்றது என ஒப்பிட்டு நோக்கும் பணி ஆராய்ச்சி மாணவர் கையை எதிர்நோக்கி நிற்கின்றது.