பெயரும் பொருளும்: செக் நாட்டு ஸ்வொபொடாக்கள்

செக் மொழியில் "ஸ்வொபொடா" என்னும் சொல்லுக்குச் சுயாதீனம் அல்லது விடுதலை என்பது பொருள். அந்நாட்டில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் இதுவும் ஒன்றாகும். பெண்கள் இதனை "ஸ்வொபொடோவா" என வழங்குவர். பண்ணைப் பிரபுவின் கட்டுக்கு உட்படாத குடியானவனைக் குறித்தே இப்பெயர் எழுந்தது. ஊரார் பெரும்பாலும் கட்டுண்டிருந்த காலத்தில்தான் ஒருவனைச் "சுயாதீனன்" எனத் தனித்துச் சுட்ட வேண்டியிருந்தது. ஆகவே அப்பெயரைப் பெறாத பலருடைய அடிமை நிலைக்கும் இப்பெயர் சாட்சியாக நிற்கின்றது.

திருச்சபை வரலாறு பயில்வோர் 1781ஆம் ஆண்டை நன்கறிவர். பேரரசர் இரண்டாம் யோசேப்பு அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சமய சகிப்பு ஆணையைப் பிறப்பித்தார். 1620இல் வெண்மலைப் போரில் தோல்வியுற்றபின் ஒடுக்கப்பட்டிருந்த சீர்திருத்தச் சபையார் வெளிப்படையாக ஆராதிக்க அதனால் வழி பிறந்தது. ஆயினும் அவர்களுடைய ஆலயங்களுக்குக் கோபுரமோ மணியோ அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே பண்ணையடிமை முறையை நீக்கும் ஆணையும் வந்தது. பிரபுவின் உத்தரவின்றி மணம்புரியவும் இடம்பெயரவும் குடியானவர் உரிமை பெற்றனர். கட்டாய உழைப்போ 1848 வரை நீடித்தது. இவ்விதமாக, இரு ஆணைகளும் அளித்த விடுதலை அளந்து கொடுக்கப்பட்ட விடுதலையே.

இப்பெயர் தாங்கியோருள் உலகம் மிகுதியும் அறிந்தவர் தளபதி லூத்விக் ஸ்வொபொடா (1895–1979). இரண்டாம் உலகப்போரில் சோவியத் மண்ணில் செக்கோஸ்லோவாக்கியப் படைக்குத் தலைமை தாங்கி, 1943இல் சொகொலோவோவில் நாசிப் படையை எதிர்த்தார். அவருடைய மகனை நாசிகள் மௌட்ஹவுசன் முகாமில் கொன்றனர். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பாதுகாப்பு அமைச்சராயிருந்த இவர் படையை அவர்களுக்கு எதிரே நிறுத்தவில்லை. அவ்வாட்சியே பின்னர் இவரைப் பதவி நீக்கிச் சிறிது காலம் சிறையிலும் வைத்தது.

1968 மார்ச்சில் இவர் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் வார்சா உடன்படிக்கைப் படைகள் நாட்டினுள் புகுந்தன. இவர் மாஸ்கோ சென்று, சிறைப்பிடிக்கப்பட்ட துப்செக்கும் உடனிருந்தோரும் பேச்சுவார்த்தையில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தினார். எனினும் முடிவில் எழுந்த உடன்படிக்கை ஆக்கிரமிப்புக்கு இணங்குவதாகவே அமைந்தது. அதில் கையொப்பமிட மறுத்தவர் பிரான்டிஷெக் கிரீகல் என்னும் மருத்துவர் ஒருவரே. ஸ்வொபொடாவோ 1975 வரை பதவியில் இருந்தார். சோவியத் படைகள் 1991இல்தான் நாட்டைவிட்டு முற்றும் நீங்கின.

அதே பெயருடைய வேறிருவரையும் நோக்குவோம். அரங்க அமைப்புக் கலைஞர் யோசெப் ஸ்வொபொடா (1920–2002) தாய்நாட்டைத் துறவாமல் பணிபுரிந்தவர். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆல்பிரெட் ராடொக்குடன் இணைந்து, திரைப்படத்தையும் மேடை நடிப்பையும் ஒன்றாக்கிய "லாடெர்னா மாகிகா"வை உலகுக்கு அளித்தார். மற்றொரு யோசெப் ஸ்வொபொடா (1929–2022) தாவரவியலார். மாணவப் பருவத்தில், 1949இல் கைதாகி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அரசியல் கைதியாகச் சிறையிலிருந்தார். 1968இல் நாடு துறந்து கனடா சென்று, டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, வடதுருவப் பனிநிலத்தில் வளரும் சிறு செடிகளை ஆராய்ந்தார். விடுதலை என்னும் பெயருடையவர் தலைமை அமைச்சரவையில் அமர்ந்திருந்த அதே 1949இல், அப்பெயருடைய மாணவர் சிறை புகுந்தார் என்பது கருதத்தக்கது.

லூத்விக் ஸ்வொபொடாவை வீரர் என்றோ துரோகி என்றோ ஒரே சொல்லால் முடித்துவிடுதல் எளிது. மகனை இழந்த தகப்பன், மேலும் குருதி சிந்தாதிருக்க விரும்பிய முதியவர், அடிமைத்தனத்திற்குத் தம் பெயரையும் கையொப்பத்தையும் ஈந்த தலைவர் ஆகிய மூவரும் அவருள் இருந்தனர். வரலாறு கற்பிக்கும் நாம் இம்மூவரையும் மறைக்காமல் மாணவர்முன் நிறுத்தக் கடமைப்பட்டுள்ளோம். பெயர் முன்னோரிடமிருந்து வருகின்றது. அதன் பொருளையோ ஒவ்வொரு தலைமுறையும், நெருக்கடி வரும் வேளையில், தானே விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிருக்கின்றது.