தனிமையைத் தீர்த்த தோழமை

ஒரு வீட்டில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டால், வீட்டார் 'மாரடைப்பு' என்று கூறி வாயை மூடிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். பள்ளிவாசல் திண்ணையில் சில நாள் முணுமுணுப்பு எழும்; பிறகு அதுவும் அடங்கிவிடும். மார்க்கம் தடுத்துவிட்டது, ஆகவே நம் சமுதாயத்தில் இத்துன்பம் இல்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். தடை உண்மைதான். திருமறையின் நான்காம் அத்தியாயம் 29-ஆம் வசனம் அதனைத் தெளிவாக விலக்குகிறது. ஆனால், அதே வசனம் இறைவனின் கருணையை நினைவூட்டியல்லவா நிறைவு பெறுகிறது? முற்பகுதியை உரக்கச் சொல்லும் நாம், பிற்பகுதியை எந்த அளவுக்கு வாழ்ந்து காட்டுகிறோம்? இக்கேள்வியோடு வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நாட்டில் கி.பி. 850-இல் பிறந்து 934-இல் மறைந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. நிலநூல் வல்லுநராக அறியப்பட்ட அப்பெரியார், உடல் நலம், உள்ள நலம் ஆகிய இரண்டையும் ஒரே நூலில் எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். சினம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றை அவர் பாவப்பட்டியலில் சேர்க்கவில்லை. மருந்து தேட வேண்டிய நோய்களாகக் கண்டார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாத துயரம் வேறு என்று பிரித்தார். உள்ளத்தின் நோய்க்கு இரு மருந்துகள் உண்டு என்றார். ஒன்று, மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நல்லெண்ணம். மற்றொன்று, பிறரிடமிருந்து வரும் ஆறுதல் மொழி. துன்பத்தில் மூழ்கியவனின் சிந்தனையை அத்துன்பமே மூடிவிடுவதால், வெளியிலிருந்து வரும் சொல் அவனுக்குத் தேவைப்படுகிறது. வீண் எண்ணங்களால் வாடுபவன் தனித்திருத்தல் ஆகாது என்றும் அவர் எச்சரித்தார். இந்நூலின் பழைய கைப்பிரதி இஸ்தான்புல் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது; 1984-இல்தான் ஃபிராங்ஃபர்ட் நகரில் அதன் படி அச்சேறியது.

பல்கீ ஏட்டில் எழுதிய அதே உண்மையை, அவரை அறியாமலேயே, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் நகரம் அனுபவத்தால் கண்டது. 1953-இல் சாட் வரா என்னும் கிறித்தவப் பாதிரியார், சாக எண்ணுவோர் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்து, தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். அந்நாளில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். 1961-இல்தான் அச்சட்டம் நீங்கியது. துயருற்றோர் நேரிலும் வந்து குவிந்தனர். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, அருகமர்ந்து பேச்சுக் கொடுத்தனர். அத்தொண்டர்களிடம் மனத்தைக் கொட்டிய பலர், பாதிரியாரைக் காண வேண்டிய தேவையே இல்லாமல் மனம் தேறித் திரும்பினர்! இதைக் கண்ட அவர், 1954-இல் அப்பணியைத் தொண்டர்களின் கையிலேயே ஒப்படைத்துவிட்டார். தொண்டர்கள் சமயப் பிரசாரம் செய்யலாகாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே அங்கு விதி. உபதேசத்தில் வல்லவர்களாகிய நாம், கேட்பதில் வல்லவர்களா?

அந்த விதை நம் மண்ணுக்கும் வந்தது. 1974-இல் கொழும்பில் 'சுமித்ரயோ', 1986-இல் சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' ஆகிய அமைப்புகள் தோன்றின. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் சென்னை, கொழும்பு, ஈரானின் கரஜ், சீனத்தின் யுன்செங், பிரேசிலின் கம்பினாஸ் ஆகிய ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்ட 1,867 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினருக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும். முடிவு 2008-இல் வெளியாயிற்று. முதற் பிரிவில் தற்கொலையால் இறந்தோர் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 22 பேர். மறு பிரிவில் ஆயிரத்துக்கு 2 பேர். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற வினா எத்தனை வலிமை உடையது!

இறக்கத் தூண்டும் வேகம் பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. அது கடக்கும் வரை அபாயப் பொருள்கள் கைக்கெட்டாமல் இருப்பதும் ஒரு காவலே. இலங்கையில் 1995-இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை, கொடிய பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டபின், 2005-க்குள் ஏறத்தாழப் பாதியாயிற்று.

சட்டமும் தண்டனையிலிருந்து பரிவுக்கு மாறி வருகிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. இலங்கை 1998-இலும், பாகிஸ்தான் 2022-இலும், மலேசியா 2023-இலும் இதற்கான தண்டனையை நீக்கின.

நாம் மட்டும் பழி கூறிக்கொண்டிருப்பது முறையா? தற்கொலையால் இறந்தவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே, நம்மிடையே வழங்கும் ஷாபிஈ, ஹனபீ மத்ஹபுகள் உட்பட, பெரும்பாலான சட்ட மேதைகளின் முடிவு. அத்தொழுகைக்குச் செல்லும் கால்கள், பின்னர் அவ்வீட்டுத் தாயையும் மனைவி மக்களையும் காணச் செல்ல ஏன் தயங்க வேண்டும்?

தடை எச்சரிக்கும், தோழமை தாங்கிப் பிடிக்கும். இரண்டும் வேண்டும். கடனால் கலங்கியவர், தேர்வில் தவறிய பிள்ளை, புகுந்த வீட்டில் வாடும் பெண், வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய இளைஞர் ஆகியோர் நம் தெருவிலேயே இருக்கின்றனர். 'வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்று பரிவோடு கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்பது வீண் அச்சம். கேட்பது பாரத்தை இறக்கும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஈமானுக்குக் குறைவன்று. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற தொலைபேசி எண்களில் உதவி கிடைக்கும். ஜமாஅத் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இவ்வெண்களுக்கும் ஓரிடம் தருவோம். ஒருவரின் அருகே சென்று அமர்வோம், முதலில் கேட்போம். வசனத்தின் பிற்பகுதிக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.