பந்தை உயர்த்திக் கொடுத்தவர்

ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்களையும் உடன்படிக்கைகளையும் கொண்டு மட்டும் அறிந்துவிட இயலாது. அந்நாட்டு மக்களுள் ஒருவருடைய வாழ்வைப் பின்தொடர்ந்தாலும் அது நமக்குப் புலப்படும். செர்பிய நாட்டுக் கைப்பந்து வீரர் நிகோலா கிர்பிச் என்பாரின் வாழ்வு அத்தகையது.

இவர் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் யூகோஸ்லாவியாவில் பிறந்தார். தந்தை மிலோஷ், 1975இல் ஐரோப்பியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற யூகோஸ்லாவியக் குழுவில் ஆடியவர். தமையனார் விளாதிமிரும் தேர்ந்த வீரரே. ஆகவே, கைப்பந்து அக்குடும்பத்தின் பிதுரார்ஜிதம் எனலாம்.

கைப்பந்தாட்டத்தில் எதிர்ப்புறம் அனுப்புமுன் ஒரு குழுவினர் மூன்று முறை பந்தைத் தொடலாம். பெரும்பாலும் முதலாமவர் வரும் பந்தைத் தாங்குவார்; மூன்றாமவர் எழும்பி அடிப்பார். கைதட்டல் அடித்தவருக்கே கிடைக்கும். ஆனால் எவருக்கு, எவ்வளவு உயரத்தில், எந்தக் கணத்தில் பந்தைக் கொடுப்பது என்று இடையில் நின்று முடிவு செய்பவர் இரண்டாமவர். அதுவே நிகோலாவின் பணி.

அவர் வாலிபப் பருவம் எய்தியபோது நாடு சிதறத் தொடங்கியது. 1991இல் ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் பிரிவினையை அறிவித்தன. 1992இல் போஸ்னியாவில் பெரும்போர் மூண்டது. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து யூகோஸ்லாவியா என்ற பெயரைத் தாங்கி நின்றன. அப்போரில் பெல்கிரேடு அரசு கொண்ட பங்கின் காரணமாக, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1992 மே 30ஆம் நாள் அந்நாட்டின்மீது தடைகளை விதித்தது. விளையாட்டும் அத்தடைக்குள் அடங்கியது. அவ்வாண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தனியாட்டக்காரர் சிலர் நாட்டின் பெயரின்றிக் கலந்துகொண்டனர், குழுக்களுக்கோ இடமில்லை. நிகோலாவுக்கு அப்போது வயது 18.

போரில் உயிரும் வீடும் இழந்தோரின் துயரோடு ஒப்பிட்டால், ஆடுகளம் இழந்தவரின் துயர் சிறியதே. எனினும் அரசு செய்ததற்கு ஓர் இளைஞன் விலை கொடுப்பது முறையாகுமா? தடையின்றி வேறு எவ்வழியால் அவ்வரசைத் திருத்துவது? மாணவர்கள் இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

1994இல் விளையாட்டுத் தடை தளர்ந்தது. மறு ஆண்டே யூகோஸ்லாவியக் குழு ஏதென்ஸ் நகரில் ஐரோப்பிய வெண்கலம் வென்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலமும், 1998இல் உலகப் போட்டியில் வெள்ளியும் கிட்டின. 1999இல் நேட்டோ விமானங்கள் அந்நாட்டின்மீது 78 நாட்கள் குண்டு வீசின. மறு ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், சிட்னி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், கிர்பிச் சகோதரர் இருவரும் இடம்பெற்ற குழு ருஷியாவை 3-0 என வென்று தங்கம் பெற்றது. நான்கு நாட்கள் கழித்துப் பெல்கிரேடில் மக்கள் திரண்டெழ, மிலோசெவிச்சின் ஆட்சி வீழ்ந்தது. ஆட்டத்தின் வெற்றி அம்மாறுதலுக்குக் காரணமன்று. ஆயினும் ஒரே வாரத்தில் ஒரு நாடு கண்ட இரு பெரு நிகழ்ச்சிகள் இவை.

2003இல் நாட்டின் பெயர் செர்பியா-மாண்டினீக்ரோ என மாறியது. 2006இல் இரண்டும் பிரிந்தன. 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய நிகோலா, மூன்று பெயர்களில் தம் நாட்டுக்காகக் களமிறங்கினார். பெயர் மாறினும் பணி மாறவில்லை.

பின்னர் அவர் பயிற்சியாளரானார். 2016இல் செர்பியா அவரது வழிகாட்டலில் உலக லீக் போட்டியை வென்றது. 2022இல் அவர் போலந்து நாட்டுக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அக்குழு 2023இல் ஐரோப்பிய வாகை சூடி, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றது. பிறர் அடித்து வெல்லப் பந்தை உயர்த்திக் கொடுத்தவர், பிறநாட்டு இளைஞரையும் அவ்வாறே உயர்த்தினார்.

நாடுகளின் எல்லைகள் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. ஆனால், கற்ற தொழிலைச் செவ்வனே செய்வதும் அருகிலிருப்பவனை உயரச் செய்வதும் நம் கையில் உள்ளவை. இளைஞர்கள் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது இதுவே.