கபுறில்லாச் சியாரம்: கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல்

சியாரம் என்றதும் இறைநேசர் ஒருவர் அடங்கிய கபுறே நம் மனக்கண்ணில் தோன்றும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலோ அவ்விலக்கணத்துக்குள் அடங்காதது. அது நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் எழுந்தது. ஆனால் ஆண்டகை அடங்கியிருப்பது கடலுக்கப்பால், சோழமண்டலக் கரையிலுள்ள நாகூரிலாகும். அடங்கியவர் இல்லாத இடத்தில் நினைவிடம் ஏன் எழுந்தது? இவ்வினாவுக்குரிய விடையைக் கடலிலேயே தேடவேண்டும்.

சாகுல் ஹமீது பதினாறாம் நூற்றாண்டினர். குவாலியர் நகரத்து முகம்மது கௌதிடம் ஞானக்கல்வி பெற்றவர். கரையில் முடி களைந்துகொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் ஓட்டையுற்ற கப்பலொன்றைத் தம் கைக்கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்பது அவர் பற்றிய புகழ்பெற்ற ஐதிகம். இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், இவ்வைதிகத்தை உளங்கொண்டு போற்றியவர்கள் கடலோடிகளும் கடல்வணிகருமே என்பது வரலாற்று மாணவர் நோக்கற்பாலது.

அவர்கள் சென்ற கரைகளிலெல்லாம் நாகூரின் நினைவும் சென்றது. பினாங்கின் சூலியா வீதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகூர் ஆண்டகைக்கு நினைவிடம் அமைந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதித் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையிற் கட்டப்பட்டது. கல்முனைக் கொடியேற்றமும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாறு உடையது. இம்மூன்றும் ஏறக்குறைய ஒரே காலப்பகுதியைச் சார்ந்தமை தற்செயலன்று. வங்கக் கடலைச் சூழ்ந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களைப் பிணைத்த ஒரே வலையின் முடிச்சுகள் இவை எனலாம்.

கட்டடக்கலையும் இவ்வுறவுக்குச் சான்று பகர்கின்றது. நாகூர்த் தர்காவின் தனிச்சிறப்பு அதன் ஐந்து மனாராக்களாகும். அவற்றுள் உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மனாராவை எழுப்பியவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். இந்து மன்னர் ஒருவர் இஸ்லாமிய இறைநேசருக்குச் செய்த இப்பணி அக்கால நல்லுறவைக் காட்டும். சிங்கப்பூர்க் கட்டடத்தில் மேனாட்டுத் தூண் அமைப்புகள் கலந்துள்ளன. ஆயினும் அதன் மூலைகளில் அடுக்கடுக்காக உயரும் மனாராக்கள் நாகூரையே நினைவூட்டுகின்றன. கல்முனையிலும் கடற்கரை மணலில் அடுக்கு மனாரா உயர்ந்து நிற்கின்றது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூரிற் கொடி ஏறும் காலத்திலேயே இங்கும் கொடி ஏறுகின்றது. கபுறு இல்லாத குறையை மனாராவும் கொடியும் நிறைவு செய்கின்றன.

இக்கட்டடங்களின் பின்வரலாறு வேறுபட்டது. கடல் தூர்க்கப்பட்டமையால் சிங்கப்பூர்த் தர்கா இன்று கரையினின்றும் விலகி நிற்கின்றது; 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. கல்முனையிலோ 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலே ஊருக்குள் புகுந்தது. கரையோர வீடுகள் தரைமட்டமாயின. பல்லாயிரவர் வாழ்வு சிதைந்தது. பள்ளிவாசற் கட்டடம் சேதங்களோடு நிலைத்து நின்றது.

சியார நடைமுறைகள் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது மார்க்கத் துறைக்குரிய வினா. ஆனால், அவ்வேறுபாட்டைக் காரணமாகக் கொண்டு கட்டடத்தின் வரலாற்றையும் எழுதாது விடுதல் முறையாகாது. இங்கிலாந்தின் பிராட்போர்ட்-ஒன்-ஏவன் என்னும் ஊரில், பள்ளிக்கூடமாகவும் குடியிருப்பாகவும் மாறி மறைந்துகிடந்த சாக்சன் காலத் தேவாலயத்தை 1856இல் அடையாளங்கண்டவர் அவ்வூர்க் குருவாகிய வில்லியம் ஜோன்ஸ் என்பவரே. அயலார் வந்து கூறும்வரை அவர் காத்திருக்கவில்லை. நம் கரையோர ஊர்களிற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கும் இதே கடமை உண்டு. அடுத்த திருத்த வேலை தொடங்குமுன் அளவெடுத்தலும் படமெடுத்தலும் முதியோர் வாய்மொழியைப் பதிதலும் வேண்டும். சுண்ணாம்பு பூசப்பட்ட பின் பழைய சுவர் பேசாது.