குழந்தை நகம் கடிக்குதா? திட்டாதீங்க... புரியவைங்க!

'கையை வாயிலிருந்து எடு!'

நகம் கடிக்கிற குழந்தை இருக்கிற வீட்டுல ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்கிற வசனம் இது. குழந்தையும் சட்டுனு கையை எடுத்துடும். அடுத்த அஞ்சாவது நிமிஷம், கார்ட்டூன் பார்த்துக்கிட்டே விரல் மறுபடியும் வாய்க்குப் போயிடும். 'எவ்ளோ சொன்னாலும் கேட்கிறதில்லை, பிடிவாதம்'னு நமக்குக் கோபம் வரும். ஆனா, பல நேரங்கள்ல விரல் வாய்க்குப் போனதே குழந்தைக்குத் தெரியாது. தெரியாமச் செய்யுற ஒரு விஷயத்தைத் திட்டி நிறுத்த முடியுமா?

ஏன் கடிக்கிறாங்க?

பொதுவா மூணு, நாலு வயசுக்கு மேலதான் இந்தப் பழக்கம் ஆரம்பிக்கும். போரடிக்கிறது, கணக்குப் போடும்போது தீவிரமா யோசிக்கிறது, பரீட்சை பயம், புது ஸ்கூல், வீட்டுல நடக்கிற சண்டைனு காரணங்கள் பல. சில சமயம், ஓரத்துல பிசிறா நிற்கிற ஒரு நகமே போதும், கடிக்கத் தூண்டிவிட்டுடும்.

அதனால, முதல் வேலை கவனிக்கிறது. ஒரு வாரம் திட்டாம, எந்த நேரத்துல, என்ன செய்யும்போது கடிக்கிறாங்கனு பாருங்க. ஹோம்வொர்க் நேரத்துல மட்டும்னா, பிரச்னை நகத்துல இல்லை... நோட்டுல இருக்கு.

நகத்துக்குள்ள என்ன இருக்கு?

'நகம் கடிச்சா வீட்டுக்கு ஆகாது'னு பாட்டி சொல்லுவாங்க. 'அசிங்கம்'னு நாம சொல்லுவோம். ரெண்டுமே குழந்தைக்குப் புரியாது. நிஜக் காரணத்தைக் கதையா சொல்லுங்க, கண்ணு விரிய கேட்பாங்க.

நூல்புழுன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். ராத்திரி குழந்தை தூங்கும்போது, ஆசனவாயைச் சுத்தி வந்து முட்டை போடும். அங்கே அரிக்கும். தூக்கத்துலயே சொறிஞ்சா, முட்டைகள் நக இடுக்குல போய் உட்கார்ந்துக்கும். காலையில அதே விரலைக் கடிச்சா, திரும்ப வயித்துக்குள்ள. மருந்து கொடுத்தும் பூச்சித் தொல்லை திரும்பத் திரும்ப வர்றதுக்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம். அதனாலதான் இதுக்கு டாக்டர்கள், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ் கொடுக்கிறதும், வீட்டுல எல்லாரையும் மருந்து எடுத்துக்கச் சொல்றதும். பள்ளி, அங்கன்வாடிகள்ல தேசிய குடற்புழு நீக்க நாளையொட்டி (பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10) கொடுக்கிற மாத்திரையையும் தவறவிடாதீங்க.

இது தவிர, நக ஓரம் கிழிஞ்சு கிருமி புகுந்தா நகச்சுத்து வரும். விரல்ல மரு இருந்தா, உதட்டுக்கும் பரவலாம்.

மஞ்சள் சோதனை!

குழந்தையோட விரல் நுனியில கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மஞ்சள்தூளைத் தொட வைங்க. உங்க கையிலயும் தடவிக்கோங்க. வெறும் தண்ணியில கழுவச் சொல்லுங்க. நக இடுக்குல மஞ்சள் அப்படியே நிற்கும். 'கிருமியும் இப்படித்தான் ஒளிஞ்சுக்கும். ஆனா, கண்ணுக்குத் தெரியாது'னு சொல்லுங்க. அடுத்து, சோப்பு போட்டு 20 விநாடி தேய்க்கச் சொல்லி, எவ்ளோ குறையுதுனு காட்டுங்க. பத்து அட்வைஸைவிட இந்த ஒரு விளையாட்டு மனசுல நிற்கும்.

கைக்கு வேற வேலை!

1973-ல் நேதன் அஸ்ரின், கிரிகோரி நன் என்ற உளவியலாளர்கள், பழக்கத்தை மாத்துற ஒரு பயிற்சி முறையை வெளியிட்டாங்க. இன்னிக்கும் பயன்பாட்டுல இருக்கு. அதோட சாரம் சிம்பிள்: விரல் வாய்க்குப் போறதைக் குழந்தையே உணரணும், உணர்ந்ததும் கைக்கு வேற வேலை கொடுக்கணும்.

* உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய சைகை வெச்சுக்கோங்க. விரல் வாய்க்குப் போனா, உங்க காதைத் தொட்டுக் காட்டினா போதும்.
* சைகையைப் பார்த்ததும், கையை இறுக்கமா மூடி ஒரு நிமிஷம் வெச்சுக்கட்டும். இல்லைன்னா ஒரு ஸ்பாஞ்ச் பந்தை அழுத்தட்டும்.
* வாரம் ஒரு நாள் நகம் வெட்டுங்க. வெள்ளிக்கிழமை கூடாதுன்னு வீட்டுல சொன்னா, ஞாயித்துக்கிழமை காலையில வெச்சுக்கோங்க. பிசிறு இல்லாம தேய்ச்சு விடுங்க.
* பத்து விரலையும் ஒரே நாள்ல மாத்த முடியாது. முதல்ல ஒரே ஒரு விரலைக் காப்பாத்தச் சொல்லுங்க. கைவிரல் நகம் மாசத்துக்கு சுமார் 3 மி.மீ. வளரும். அந்த விரல்ல நகம் வளர்றதைப் பார்த்தா, அடுத்த விரலுக்கு அவங்களே வருவாங்க.

இதெல்லாம் வேண்டாம்!

விரல்ல மிளகாய்ப்பொடி தடவாதீங்க. அதே கையால கண்ணைக் கசக்கினா என்ன ஆகும்? மெடிக்கல்ல கிடைக்கிற கசப்பு நெயில் பாலிஷை, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, குழந்தை சம்மதிச்சா மட்டும் பயன்படுத்துங்க. சொந்தக்காரங்க முன்னாடி 'இவன் விரலைப் பாருங்க'ன்னு காட்டவே காட்டாதீங்க. அவமானம் பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் விரலைத் திரும்ப வாய்க்கே கொண்டுபோகும்.

ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சா, விரல் வீங்கிச் சீழ் கட்டினா, கூடவே முடியையும் பிடுங்கினா, குழந்தைநல மருத்துவரைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு... கிரிக்கெட் மேட்ச்ல கடைசி ஓவர் பார்க்கும்போது, உங்க விரல் எங்கே இருக்குனு கவனிங்க. குழந்தை அதையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கு!