நெல்லையப்பர் கோயில் லட்ச தீபம்

திருநெல்வேலி டவுனில் உள்ள நெல்லையப்பர் – காந்திமதியம்மன் கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தை அமாவாசையன்று நடக்கும் விளக்குத் திருவிழா. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே நாளில் பத்ர தீபம் ஏற்றப்படும். பத்ர தீபத்துக்குப் பத்தாயிரம் விளக்கு, லட்ச தீபத்துக்கு லட்சம் விளக்கு என்பது ஊரில் சொல்லும் கணக்கு. தொடக்கம் கோயிலுடையது: மணிமண்டபத்தில் தங்க விளக்கு ஏற்றி வழிபாடு தொடங்கும். பிரகாரங்களை நிறைக்கும் அகல்களை ஏற்றுவதோ பெரும்பாலும் ஊர்மக்கள்தான். பழைய கட்டடம் ஒன்றை ஓர் ஊரே சேர்ந்து ஒளியால் அலங்கரிக்கும் கலைக்குத் தாமிரபரணிக் கரையில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

விழாவுக்கு அமாவாசையைத் தேர்ந்ததில் சடங்குக் காரணத்தோடு ஒரு கலைக் காரணமும் பொருந்திவிட்டது. கார்த்திகை தீபம் முழுநிலவை ஒட்டி வருகிறது. அங்கே விளக்கு நிலவோடு வானத்தைப் பங்குபோட வேண்டும். தை அமாவாசையில் வானம் முழுக்க இருட்டு. விளக்குகளை வரிசையாகத் தரையிலும் திண்ணை விளிம்பிலும் வைப்பதால் ஒளி கீழிருந்து மேலே எழும்புகிறது. பகலில் மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் தூண் சிற்பங்கள் அப்போது வேறு முகம் காட்டும். யாளியின் திறந்த வாய்க்குள் சுடரின் சிவப்பு ஏறும். அதன் கீழ்த்தாடை நிழல் போதிகை வரை நீண்டு, சுடர் அசையும்போதெல்லாம் தானும் அசையும். இந்தக் கோயிலைப் பகலில் மட்டும் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கோயில் பழமையானது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பாண்டிநாட்டுத் தலங்களுள் ஒன்று. நடராசரின் ஐம்பெரும் சபைகளில் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. தட்டினால் சுரம் எழுப்பும் தூண்களைக் கொண்ட மணிமண்டபத்தைப் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் கட்டியதாக மரபு சொல்கிறது. இன்றைய லட்ச தீபத்துக்கு இடம் தரும் நீண்ட வெளிகளில் சில பிற்காலத்தவை. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647இல் நாயக்கர்களின் அதிகாரி வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. நந்தி மண்டபம் 1654இல் எழுந்தது. சங்கிலி மண்டபம் வந்த பிறகுதான் ஒரு கோயிலில் தொடங்கும் விளக்கு வரிசை அறுபடாமல் மற்றதற்குப் போக வழி பிறந்தது. இந்த மண்டபத்தைக் கட்டியவருக்கு ஒளிவிழா மனதில் இருந்ததோ இல்லையோ, அந்த விழாவுக்கு இதைவிட நல்ல கட்டடம் வாய்த்திருக்காது.

விளக்கைச் சமூகத்தின் பொறுப்பாக வைக்கும் வழக்கம் இந்த விழாவைவிட மூத்தது. கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் கொடைகளில் ஒன்று நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு. சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான கணக்கு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பார். மந்தை ஈன்று பெருகும், கிழடு கழியும். கணக்கில் மட்டும் எண்ணிக்கை குறையாது. அதனால்தான் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். அரசன் முதல் சாதாரணக் குடி வரை இந்தக் கொடையைத் தந்திருக்கிறார்கள். பலர் சேர்ந்து விளக்கிடும் திருவிழாவும் பழையதே. சம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகம் கார்த்திகை விளக்கீட்டைக் குறிப்பிடுகிறது.

ஆறாண்டுச் சுற்றுக்கு நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இருக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் பத்ர தீபம், லட்ச தீபம் என்ற இதே பெயர்களில் விழா உண்டு. அங்கே ஆண்டுக்கு இரண்டு பத்ர தீபம். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறைஜபம் நடந்து, மகர சங்கராந்தியன்று லட்ச தீபத்தோடு முடியும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அது நிலைபெற்றது. 16ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் முன்னோடியான வேணாட்டின் அரசர்கள் நெல்லைச் சீமையின் களக்காட்டில் இருந்து ஆண்டதுண்டு. இரு பக்கத்துக்கும் போக்குவரத்து அதற்கு முன்னும் பின்னும் நின்றதில்லை. ஆகவே பெயரிலும் சுற்றிலும் உள்ள ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் அங்கே அரசகுடும்பம் நடுநாயகம்; நெல்லையில் அகல் ஏந்தி வரும் குடும்பங்களே நடுநாயகம்.

விழாவின் பொருள்கள் எளியவை. நெல்லைப் பக்கத்துக் காருகுறிச்சி என்றால் பலருக்கு நாகஸ்வரம் நினைவுக்கு வரும். ஆற்றுப்பாசனப் பகுதியான அவ்வூர் மண்பாண்டத்துக்கும் பெயர்பெற்றது. குளத்து மண்ணைப் பிசைந்து சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட அகல் புதிதாக இருக்கும்போது எண்ணெயை உறிஞ்சும். தெரிந்தவர்கள் முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி எடுத்து வருவார்கள். திரியை எண்ணெயில் நன்றாக நனைத்து, நுனியில் துளி கற்பூரம் தடவினால் காற்றிலும் சட்டென்று பற்றும். முன்பு கோயில் விளக்குகளுக்கு இலுப்பை எண்ணெய்தான் முதன்மை. அதற்காகவே இலுப்பைத் தோப்புகள் வளர்த்தார்கள். இப்போது நல்லெண்ணெயும், கடைகளில் தீப எண்ணெய் என்ற பெயரில் விற்கும் கலப்பு எண்ணெயும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இந்தக் கலப்பு எண்ணெய்கள் பல புகை கக்குபவை. கல்லின் மேல் கரியாகப் படிவதும் அந்தப் புகைதான்.

மின்சாரம் வந்ததும் ஒளியின் கதை மாறியது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் உற்பத்தியைத் தொடங்கியது. வயலுக்குப் பாய்ந்த தாமிரபரணி அன்று முதல் விளக்குக்கும் பாய்ந்தது. கோபுரத்தில் மின்விளக்குச் சரங்கள் ஏறின. திருவிழாக் காலங்களில் மூங்கில் தட்டிகளில் பல்புகளைக் கட்டி, மயில், தாமரை, சாமி உருவங்களை ஓடவிடும் சீரியல் செட் தெருவுக்குத் தெரு வந்தது. இதையும் கலை என்றே மதிக்க வேண்டும். எந்த பல்பு எப்போது எரிந்தால் மயில் தோகை விரிக்கும் என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்த உள்ளூர்த் தொழிலாளர்களின் கற்பனை அதில் உண்டு. எல்இடி பலகைகள் வந்த பிறகு அந்தக் கைவேலை ஒதுங்கிவருகிறது.

மின்னொளியைக் கட்டடத்தின் மேல் பாய்ச்சிக் கதை சொல்லும் முறை பிரான்சில் ஷாம்போர் மாளிகையில் 1952இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1981 முதல் ஒலி-ஒளிக் காட்சி நடந்துவந்தது. நெல்லைக்கு இன்னும் நெருக்கமான ஒப்பு பிரான்சின் லியோன் நகரம். 1852 டிசம்பர் 8 அன்று அந்நகர மக்கள் தாமாகவே சன்னல்களில் மெழுகு விளக்கு ஏற்றினார்கள். அது ஆண்டு வழக்கமாகி, 1999 முதல் பழைய கட்டடங்களின் சுவர்களில் ஒளிப்படம் வீழ்த்தும் பெரிய கலைவிழாவாக வளர்ந்தது. லியோனில் மக்கள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். நெல்லையில் கூட்டமே குனிந்து விளக்கேற்றுகிறது. ஒளிவீழ்த்தி வந்தால் நம் விழாவும் வளர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப்பார்க்க வேண்டும். பார்வையாளர் என்று ஒரு தனிக் கூட்டம் இல்லாததே லட்ச தீபத்தின் பெரிய சிறப்பு.

கவலைகளும் உண்டு. சிந்திய எண்ணெய் கல்தரையில் பிசுக்காக இறங்கும். மணல்வீச்சு முறையில் பழைய கல்லைத் துப்புரவு செய்த இடங்களில் கல்வெட்டு எழுத்துகளும் சிற்பத்தின் நுணுக்கமும் தேய்ந்துபோயின. ஆகவே கறை படிந்தபின் நீக்குவதைவிடப் படியாமல் காப்பதே வழி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்த தீ கடைப் பகுதியில் மூண்டதுதான். ஆனாலும் விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் துணிப்பந்தலும் ஓலையும் இருக்கக் கூடாது என்ற பாடம் எல்லாக் கோயிலுக்கும் பொது.

இவற்றைவிட உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரகாரத்தில் டியூப் லைட்டும் எல்இடி விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் லட்சம் அகலும் வெறும் புள்ளிகளாகிவிடும். தை அமாவாசை மாலையில், பாதுகாப்புக்கு வேண்டிய வழிவிளக்குகளை மட்டும் விட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது மற்ற மின்விளக்குகளை அணைக்கக் கோயில் நிர்வாகம் முன்வர வேண்டும். விளக்கேற்ற வருபவர்களும் ஊறவைத்த அகல், நல்ல எண்ணெய், அடியில் வைக்க ஒரு சிறு தட்டு, இந்த மூன்றையும் கையோடு கொண்டுவர வேண்டும்.